தாய்மண்ணோடு போன கன்றுகள்

அவருக்கு முட்டுக்காரர் என்றுதான் பேர். காற்று கிளம்பினால் போதும், சொந்தக் கூரையைக்கூடப் பார்க்காமல் தோட்டத்துக்கு ஓடி வாழைக்கு முட்டுக் கொடுப்பார். "பெத்த பொண்ணுக்குக்கூட இப்படிப் பதறினதில்ல" என்று மனைவி வாருவாள். "அவ சாய மாட்டா" என்பார்.

இந்த வருஷம் காற்றே இல்லாமல் மரங்கள் சாய்ந்தன. குலை தள்ளியவை வேரோடு பெயர்ந்து கவிழ்ந்தன. உரம் வைத்தார், முட்டுக்கு மேல் முட்டுக் கொடுத்தார். திட்டுவதற்குக் காற்றுகூட இல்லை, பாவம்.

தோட்டக்கலை அதிகாரி அம்மாள் வந்து ஒரு வேரைப் பிடுங்கி நீளவாக்கில் பிளந்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய உள்பக்கம் செங்கறுப்பாக அழுகிக் கிடந்தது.

"நூற்புழுங்க ஐயா. கண்ணுக்குத் தெரியாது, வேரைத் தின்னுடும். கன்னு எங்க வாங்கினீங்க?"

"வாங்கறதா? எல்லாம் என் தோட்டத்துக் கன்னுதான்."

"கிழங்கைச் சீவி, வேரை எடுத்துட்டுத்தானே நட்டீங்க?"

முட்டுக்காரர் நிமிர்ந்து நின்றார். அவர் பெருமையே அங்கேதான் இருந்தது. மற்றவர்கள் கிழங்கை மொட்டையடித்து நடுவார்கள். அவர் வேரும் மண்ணுமாகப் பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய் நடுவார். தாய்மண்ணோடு போனால் கன்று ஏங்காது என்பது அவர் கட்சி. அதைச் சொன்னார்.

அந்த அம்மாளின் முகம் மாறியது. "அந்த மண்ணோடதாங்க புழுவும் போகுது. புகுந்த நிலத்தை விட்டு லேசுல போகாது. வேற யாருக்காவது குடுத்தீங்களா?"

முட்டுக்காரர் மகள் வீட்டுக்கு ஒரு வண்டி நிறைய ஏற்றிவிட்டிருந்தார். அவர் பேச்சை நம்பித்தான் மருமகன் பார்த்த வேலையை விட்டுவிட்டு நிலத்தில் இறங்கினார். கிழங்கைச் சீவ மருமகன் கத்தியை எடுத்தபோது கையைப் பிடித்துத் தடுத்ததும் முட்டுக்காரர்தான்.

அதிகாரி போனதும் மகளைப் போனில் கூப்பிட்டார்.

"அப்பா! நானே கூப்பிடணும்னு இருந்தேன். நம்ம வாழை குலை தள்ளிடுச்சு. ரெண்டு மூணு மரம் லேசா சாயுது. அதுக்கென்ன, இவர் உங்கள மாதிரியே ஓடி ஓடி முட்டுக் குடுக்கறார். பக்கத்துத் தோட்டத்துக்காரங்களும் கன்னு கேட்டாங்கப்பா. நீங்க சொன்ன மாதிரியே மண்ணோட பெயர்த்துக் குடுத்தோம்."

 சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தார்.

"அப்பா? கேக்குதா?"

"கேக்குதும்மா."

"என்னமோ சொல்லத்தானே கூப்பிட்டீங்க?"

சாய்ந்து கிடந்த மரங்களை ஒருமுறை பார்த்தார்.

"முட்டுக் கம்பை நல்லா ஆழமா நடச் சொல்லு" என்றார்.