மாமா பார்க்காத பெருஞ்சுவர்

பெங்களூர் போய் வந்தாலே ஆளைத் திரும்பிப் பார்க்கிற காலம் அது. எங்கள் மாமாவோ சீனாவுக்கே போய் வந்தவர். அம்மாவின் தம்பியான அவர் சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்த்தார். ஷாங்காயில் சரக்கு இறங்கத் தாமதமாகிக் கப்பல் பல நாள் நின்றுவிட, வேலை முடிந்ததும் ஊருக்குள் நடக்கப் போய்விடுவாராம். விடுமுறையில் எங்கள் கடத்தூருக்கு வந்தபோது ஷாங்காயை எனக்கும் பேச்சிலேயே சுற்றிக் காட்டினார்.

ஆற்றங்கரையில் பெரிய பெரிய கல் கட்டடங்கள், நடுவில் ஒரு மணிக்கூண்டு. பழைய தோட்டத்துக் குளத்தின் மேல் ஒரு கோணல் பாலம். பேய்க்கு நேராகத்தான் நடக்கத் தெரியும் என்று அப்படிக் கட்டினார்களாம். அதைத் தாண்டினால் சந்துகள். அங்கே ஒரு கடையில் வெந்நீர் மட்டும் விற்பார்கள். சனங்கள் பிளாஸ்க்கோடு வந்து வாங்கிப் போவார்கள். மழை நாளொன்றில் அந்தக் கடைக்காரம்மா மாமாவை அடுப்போரம் உட்காரவைத்து ஒரு கோப்பை வெந்நீர் கொடுத்தாளாம். இதைச் சொல்லும்போது மாமாவின் குரல் தணிந்துவிடும். நான் அந்தச் சந்துகளையெல்லாம் பின்கட்டுச் சுவரில் கரியால் வரைந்து வைத்தேன். தப்பாக வரைந்தால் மாமா வழி திருத்துவார்.

அந்த விடுமுறைக்குள் மாமாவுக்குக் கல்யாணம் முடித்துவிட அம்மா துடித்தாள். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. கடலில் கிடக்கிறவனுக்குப் பெண் கொடுக்க யாரும் எளிதில் முன்வரவில்லை. கடைசியில் பாப்பாரப்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் வீடு பார்க்க வந்தது. அம்மா கோழியடித்துக் குழம்பு வைத்தாள். சம்பந்தம் பிடித்தால்தான் அவர்கள் கை நனைப்பார்கள்.

பெண்ணின் பெரியப்பா புளி வியாபாரி. "சீனாவுல அந்தப் பெருஞ்சுவரைப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. அது வேற பக்கம், ரொம்ப தூரமுங்க" என்ற மாமா, வெந்நீர்க் கடையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

பெரியப்பா சிரித்துவிட்டார். "வேளாங்கண்ணிக்குப் போயி கோயிலப் பாக்காம வந்த கதையா இருக்குதுங்களே. வெந்நிய யாராச்சும் காசு குடுத்து வாங்குவாங்களா?"

அவர்கள் கை நனைக்காமலே பஸ் ஏறினார்கள். கடத்தூரிலிருந்து நாக்பூர் போகிற தூரத்தைவிடத் தள்ளி இருக்கிறது ஷாங்காயிலிருந்து அந்தச் சுவர். அது அன்றைக்கு மாமாவைத் தவிர எங்கள் வீட்டிலும் யாருக்கும் தெரியாது. கோழிக் குழம்பை நாங்களே சாப்பிட்டோம். "பாத்தேன்னு சொன்னா வாய்ல முத்தா உதிர்ந்துரும்?" என்று அம்மா அழுதாள்.

அடுத்துத் தருமபுரியிலிருந்து வேறொரு பெண்வீட்டார் வந்தார்கள். அதற்கு முந்தைய நாள் மாமா என் சரித்திரப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி, பெருஞ்சுவர் பாடத்தை என்னைப் படிக்கவைத்துக் கேட்டுக்கொண்டார். மறுநாள் சுவரின் மேல் தாம் ஏறி நடந்ததாகவே சொன்னார். வந்தவர்கள் வாய்பிளந்து கேட்டார்கள். வயிறாரச் சாப்பிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கல்யாணத்துக்கு வீடு முழுக்க வெள்ளையடித்தார்கள். பின்கட்டுக்கு வந்தபோது, வெந்நீர்க் கடையையாவது விட்டுவைக்கலாமா என்று மாமாவிடம் கேட்டேன்.

"அப்படி ஒரு கடையே இல்ல பாப்பா. சும்மா சொன்னேன்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. சுவர் நிஜம், கடைதான் பொய் என்று முடிவு கட்டினேன். பிறகு எத்தனையோ வருடம், யார் கேட்டாலும் மாமா அந்தச் சுவரைப் பற்றித்தான் சொன்னார். பாலம் தாண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது எனக்கு மறந்துவிட்டது. கேட்க இன்று அவரும் இல்லை. அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

அன்றைக்கு வெள்ளையடிப்பவரிடமிருந்து நானே மட்டையை வாங்கி, சந்து சந்தாகச் சுண்ணாம்பு அடித்து மறைத்தேன். மாமா பின்கட்டு வாசற்படியில் நின்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன்.