நான்கு விரல் அகலத் துணி

என் பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு துணிச்சுருள் இருக்கிறது. நான்கு விரல் அகலம், ஐந்து முழ நீளம். அப்பாவின் பழைய வேட்டியிலிருந்து கிழித்தது. ஓரம் பிரியாமலிருக்க இரண்டு பக்கமும் மடித்துக் கையால் தைத்திருக்கும். ஐம்பது வருஷத்துக்கு மேலாக இதை வைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கல்யாணமானபோது கூட வந்தது, வீடு மாறியபோதெல்லாம் கூட வந்தது. இதைக் கையில் எடுத்தால் எனக்கு அழுகை வராது. கோபம்தான் வரும். யார் மேல் என்று கேட்டால், உட்காருங்கள், ஒவ்வொருவராகச் சொல்கிறேன். அதில் நானும் ஒருத்தி.

இது என் அண்ணியுடையது. அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு அவள் பக்கத்துக் கிராமமான தாமலிலிருந்து காஞ்சிபுரத்துக்கு வந்தபோது எனக்குப் பதினொரு வயது. அறுபதுகளின் கடைசி. அவர்களும் எங்கள் ஜனம்தான். நாங்கள் தறிக்கு வந்துவிட்டோம், அவர்கள் ஏரித்தண்ணீரில் பயிர் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார்கள். வந்த புதிதில் தெருக்குழாயிலிருந்து தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் என்று சிந்தாமல் கொண்டுவருவாள். எங்கள் வீட்டில் இரண்டு தறி, அப்பாவுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று. தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போடுகிற நூலை ராட்டையில் சின்னக் குழலாகச் சுற்றுவதைத் தார் சுற்றுவது என்போம். தறியைக் கண்ணால் பார்த்திராதவள், பத்தே நாளில் அதைக் கற்றுக்கொண்டு இரண்டு தறிக்கும் தானே சுற்றிப் போட்டாள். ஒரு வருஷம் அம்மா தெருவெல்லாம் மருமகள் பெருமை பேசினாள். அந்த ஒரு வருஷத்தை அப்புறம் யாருமே நினைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

இரண்டாம் வருஷம் அண்ணிக்கு டைபாய்டு வந்து இருபது நாளுக்கு மேல் படுத்துவிட்டாள். காய்ச்சல் இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பத்தியச் சோறும் போட்டாயிற்று. எழுந்து நின்றாள். நின்றவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே சரிந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. படுத்தால் ஒன்றுமில்லை, உட்கார்ந்தால் ஒன்றுமில்லை, எழுந்து நின்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கண் இருட்டும், கை நடுங்கும். "நெஞ்சுக்குள்ள யாரோ அவசரமா தறி ஓட்டறாப்பல இருக்குது பாப்பா" என்று என்னிடம் சொன்னாள். அம்மாவிடமும் சொன்னாள். அம்மாவுக்கு அது ஏறவே இல்லை.

ஏனென்றால் ராட்டை முன்னால் உட்கார்ந்தால் அண்ணி காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தார் சுற்றுவாள். நூல் அறுகாது, கை நிற்காது, முகத்தில் ஒரு வாட்டமும் இருக்காது. குழாயடிக்குப் போ, அடுப்படியில் நில் என்றால்தான் மயக்கம். "தார் சுத்தும்போது வராத மயக்கம் தண்ணி எடுக்கச் சொன்னா மட்டும் வருதா? ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம்" என்று அம்மா சொல்லிவிட்டாள். தெருவும் ஆமாம் என்றது. உட்கார்ந்து செய்கிற வேலையை அவள் முழுசாகச் செய்ததே அவளுக்கு எதிர்ச்சாட்சியாகிவிட்டது. சோம்பேறியாக இருந்து ராட்டையையும் தொடாமல் கிடந்திருந்தால் நோயாளி என்று நம்பியிருப்பார்கள்.

டாக்டரிடம் போகாமலும் இல்லை. அண்ணன் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து அழைத்துப் போனான், துணைக்கு நானும் கூடவே ஓடினேன். பெஞ்சில் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே போனதும் டாக்டர் அவளை முக்காலியில் உட்கார வைத்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்தே இருந்தவளுக்கு நாடி நன்றாகத்தான் ஓடும். "ஒண்ணுமில்ல, நரம்புத் தளர்ச்சி" என்று சிவப்பாக ஒரு மருந்து கலந்து கொடுத்தார். நின்றால்தான் வருகிறது என்று அண்ணி சொன்னாள். நான் கேட்டேன், என் காதால் கேட்டேன். அந்த மனுஷன் எழுந்து நில் அம்மா, பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு என்ன மருந்து வேண்டும், என்ன கருவி வேண்டும்? ஒரு நிமிஷம் போதாதா? அப்புறம் இரண்டு பேரிடம் காட்டினோம். அவர்களும் உட்கார வைத்துத்தான் பார்த்தார்கள்.

அந்த ஒரு நிமிஷ வேலையைச் செய்தது பன்னிரண்டு வயதான நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அண்ணன் கழற்றி வைத்திருந்த கைக்கடிகாரத்தை அண்ணி எடுத்து என் கையில் கொடுத்தாள். அவளுடைய அப்பா மாப்பிள்ளைக்குப் போட்ட வாட்ச் அது. தன் மணிக்கட்டைப் பிடித்து எண்ணச் சொன்னாள். உட்கார்ந்திருந்தபோது எழுபத்துச் சொச்சம். எழுந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மறுபடி எண்ணினேன். நூற்றி இருபதைத் தாண்டியதும் எனக்கு எண்ணிக்கை தப்பிவிட்டது. அண்ணி வேர்த்துப் போய் உட்கார்ந்து, "பாத்தியா, நான் பொய் சொல்லல" என்றாள். அன்றைக்கே ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். பயந்தால் நெஞ்சு அடிக்கத்தான் செய்யும் என்று அம்மா உலையைப் பார்க்கப் போய்விட்டாள். அண்ணனிடம் சொன்னேன். எனக்கென்ன தெரியும், அம்மா சொல்வது போலச் செய்யுங்கள் என்று வாட்சை வாங்கிக் கட்டிக்கொண்டான்.

யாரும் நம்பாததால் அண்ணி தன் பாட்டுக்கு வழி தேட ஆரம்பித்தாள். மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். விடிந்ததும் சட்டென்று எழக் கூடாது என்று கண்டுபிடித்தாள். தலைமாட்டில் உப்புப் போட்ட நீராகாரம் ஒரு சொம்பு. படுத்தபடியே விரல்களை ஆட்டி, உட்கார்ந்து குடித்து, கொஞ்சம் பொறுத்து எழுந்தால் பாதி நாள் தாங்கியது. உப்பு கூடினால் நன்றாயிருக்கிறது என்று உப்பு நாரத்தங்காயைப் பகலெல்லாம் வாயில் அடக்கிக்கொள்வாள். பல் துலக்காமல் குடிக்கிறாள், மகாராணி எழுந்திருக்க அரை மணி ஆகிறது என்று அம்மா பேச்சு. ஒருநாள் சோற்றில் அண்ணி இன்னும் உப்புக் கேட்டபோது, உப்புப் போட்டுத் தின்றும் ரோஷம் வரவில்லையே என்றாள். அண்ணி உப்பைப் போட்டுக்கொண்டு மீதிச் சோற்றைச் சாப்பிட்டாள். நானாக இருந்தால் தட்டை வீசியிருப்பேன்.

அப்புறம் பாவு விரிக்கிற நாள் வந்தது. விடிகாலையில், தறியில் நீளவாட்டில் ஓடுகிற பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று அறுந்த இழைகளை முடிவார்கள். ஒரு வீட்டுப் பாவென்றால் அந்த வீட்டுப் பெண்கள் நின்றே ஆக வேண்டும். என்னால் முடியாது அத்தை என்று அண்ணி முந்தின நாளே சொன்னாள். தெரு சிரிக்கும் என்று அம்மா நிறுத்தினாள். கால் மணி நேரம் நின்றிருப்பாள். முகம் வெளுத்ததை எதிர்ப்பக்கம் நின்ற நான் பார்த்தேன். பட்டுப் பாவின் மேலேயே குப்புற விழுந்தாள். எல்லோரும் ஓடினார்கள், பாவைப் பார்க்க. எத்தனை இழை அறுந்தது என்று அண்ணன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணியை நானும் ஒரு பக்கத்து வீட்டுக்காரம்மாவும் இழுத்து ஓரமாகக் கிடத்தினோம். கிடத்தின இரண்டு நிமிஷத்தில் கண் விழித்துவிட்டாள். அதுவும் குற்றமாயிற்று; நிஜ மயக்கம் இவ்வளவு சீக்கிரம் தெளியுமா என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் இந்தத் துணி. நிற்கும்போது உடம்பிலுள்ள ரத்தமெல்லாம் காலுக்கு இறங்குகிற மாதிரி இருக்கிறது, காலை இறுக்கிக் கட்டினால் இறங்காதல்லவா என்று யோசித்திருக்கிறாள். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, இரண்டு பட்டைகளாகத் தைத்து, கணுக்காலிலிருந்து தொடை வரைக்கும் சுற்றி மேலே புடவையை இறக்கிக் கட்டிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. குழாயடியில் மறுபடி நின்றாள். ஒரு குடம் தூக்கினாள். அம்மாவின் வாய்கூட ஒரு மாதம் கொஞ்சம் அடங்கியிருந்தது. மறைத்ததற்குக் காரணம் இருந்தது. காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம் என்பார்கள், தறிமிதியைச் சொல்வது. அந்த ஊரில் காலைப் பற்றித்தான் பெரிய பயம். யானைக்கால் நோய் தெருவுக்கு நாலு பேருக்கு இருந்த காலம். பெண் கேட்டு வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்ப்பார்கள். ஒரு பெண் காலில் துணி சுற்றியிருக்கிறாள் என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

சொன்னது நான். அண்ணிக்கு முடியாமல் போனதிலிருந்து பாதிக் குடங்கள் என் தலையில் விழுந்திருந்தன. எனக்கும் உள்ளே ஒரு எரிச்சல் இருந்தது, மறைப்பானேன். அப்பாவின் வேட்டி எங்கே என்று அம்மா தேடியபோது, கதவிடுக்கில் பார்த்திருந்த நான், அண்ணி கிழித்துக் காலில் சுற்றியிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அம்மா போய் அவள் புடவையை முழங்கால் வரை தூக்கினாள். கட்டின இடத்துக்குக் கீழே பாதம் லேசாக உப்பியிருந்தது. அவ்வளவு போதாதா? யானைக்காலை மறைத்துப் பெண்ணைத் தள்ளிவிட்டார்கள் என்று அம்மா வைத்த கூச்சலில் தறிச்சத்தம் நின்றுவிட்டது. கட்டை அவிழ்த்தால் வீக்கம் வடியும், பாருங்கள் என்று அண்ணி கெஞ்சினாள். யார் பார்ப்பது? மறுநாள் அவளுடைய அப்பா தாமலிலிருந்து பஸ் ஏறி வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போனார். அண்ணன் தறிக்குழியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. அந்தப் பட்டைகளைக் கொல்லையில் வீசி எரிக்கச் சொன்னாள் அம்மா. ஒன்று எரிந்தது. இன்னொன்றை நான் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டேன். பாசத்தால் அல்ல, நான் சொன்ன ஒரு வார்த்தை செய்ததைப் பார்த்த பயத்தால்.

அவளுடைய அப்பா சும்மா விடவில்லை. ரத்தம் எடுத்துச் சோதித்து, யானைக்கால் கிருமி இல்லை என்று எழுதி வாங்கிப் பெரியவர்களிடம் கொடுத்தார். போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று பெரியவர்கள் சொன்னதால் அம்மா கிளம்பினாள், என்னையும் இழுத்துக்கொண்டு. அண்ணன் வரவில்லை. தாமல் வீட்டுக் கூடத்தில் அண்ணி முக்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். புடவை விளிம்புக்குக் கீழே புதுத் துணிக்கட்டு தெரிந்தது, இப்போது அவள் அதை மறைக்கவில்லை. வாங்க அத்தை, உட்காருங்க என்றாள். எழுந்திருக்கவில்லை. அம்மா வாசற்படியிலேயே நின்றாள். மாமியார் நிற்கிறேன், உட்கார்ந்த இடத்திலிருந்து வாங்க என்கிறாளே என்று பக்கத்திலிருந்தவர்களிடம் கேட்டாள். அண்ணி கடலையைக் கீழே வைத்தாள்.

"எழுந்தா விழுவேன் அத்தை. விழுந்தா நடிக்கிறான்னுவீங்க. உக்காந்துக்கினு இருந்தா திமிருன்னுவீங்க. நான் உக்காந்தே இருக்கிறேன்."

அதோடு முடிந்தது. எழுந்து நிற்கவில்லை என்ற குற்றத்துக்காக ஒரு கல்யாணம் முறிந்தது. அம்மா திரும்பி நடந்தாள். என் இடுப்பில் அந்தத் துணிச்சுருள் செருகியிருந்தது. திருப்பிக் கொடுக்கத்தான் கொண்டுவந்திருந்தேன். கை வரவில்லை. அண்ணி என்னைப் பார்த்து, "ஏன் கட்டிக்கினு இருக்கிறன்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே பாப்பா" என்றாள். குரலில் கோபமே இல்லை. அவள் படாத கோபத்தையும் சேர்த்துத்தான் நான் பட்டுக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது.

பஞ்சாயத்தில் தீர்த்து எழுதினார்கள். அடுத்த வருஷமே அண்ணனுக்கு வேறு இடத்தில் முடித்தார்கள். வந்தவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஆனாலும் நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். தாமலில் அண்ணி தன் தம்பி வீட்டிலேயே இருந்தாள். அந்த வீட்டில் கூடத்தில் ஒரு முக்காலி, அடுப்புக்கு எதிரே ஒன்று, கிணற்றடியில் ஒன்று, மாட்டுக்கொட்டகையில் ஒன்று என்று போட்டு வைத்திருந்தார்களாம். உட்கார்ந்தே சமைப்பாளாம், உட்கார்ந்தே பால் கறப்பாளாம், போகப் போகக் கட்டோடு ஏரிக்கரை வரை நடப்பாளாம். சில வருஷங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள் என்று ஒரு கல்யாண வீட்டில்தான் எனக்குத் தெரிந்தது. நாலு முக்காலி. என் வீட்டில் அவள் வாழ்வதற்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

இப்போது அண்ணனுக்கு எண்பது. போன மாதம் நாற்காலியிலிருந்து எழுந்தவன் கண் இருட்டி விழுந்தான். பிள்ளைகள் காரில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சின்னப் பெண்ணாக ஒரு டாக்டர். படுக்க வைத்துப் பார்த்தது, எழுப்பி நிற்க வைத்துப் பார்த்தது, முடிந்தது. சட்டென்று எழாதீர்கள், எழும் முன் தண்ணீர் குடியுங்கள், காலில் பட்டைத்துணியை இறுக்கிச் சுற்றிக்கொள்ளுங்கள் என்றது. நான் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வீட்டில் மருமகள்கள் மெதுவா எழுந்திருங்க மாமா என்று இரண்டு பக்கமும் தாங்குகிறார்கள், குளியலறையில் நாற்காலி போட்டாயிற்று. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். அவனுக்கு வந்தது. அப்போதாவது தெரியும் என்று நினைத்தேன்.

நேற்றுக் காலை போனபோது ஒரு காலுக்குத்தான் பட்டை சுற்றியிருந்தார்கள், இன்னொன்று துவைத்து ஈரமாகக் கொடியில் கிடந்தது. நான் பையிலிருந்து அந்தச் சுருளை எடுத்தேன். கீழே உட்கார்ந்து, பாதத்திலிருந்து மேலாகச் சுற்றினேன்.

"என்னா துணி இது? கெட்டியா இருக்குதே" என்றான்.

"அண்ணியோடது."

அண்ணன் குனிந்து என்னைப் பார்த்தான். வேஷமில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

"எந்த அண்ணி?"

நான் முடிச்சை இறுக்கினேன். வலிக்குதும்மா என்றான். எழுந்து நில்லு என்றேன். நின்றான். விழவில்லை.