கைக்குட்டையைக் கடித்தவள்

யாராவது ஒரு ஓவியத்தின் முன்னால் நின்று தொண்டையைச் செருமினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அடுத்தது விளக்கம் வரப்போகிறது என்று தெரியும். விளக்கம் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள் நான். அதுவும் எங்கே? தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில், கால் வீங்கிய பிள்ளைத்தாச்சிகளை பெஞ்சில் உட்கார வைத்துக்கொண்டு, உலகப் புகழ் பெற்ற ஓவியர் ஒருவரின் படங்களுக்கு.

மலையாளத்துப் பக்கம், பீர்மேட்டுக்கு மேலே ஒரு தோட்டம். ஐம்பதுகளின் நடுவில் மதுரையில் பயிற்சி முடித்துவிட்டு அங்கே மிட்வைஃப் வேலைக்குப் போனேன். லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த கூலிக்காரர்களுக்கெல்லாம் நான் நர்சம்மா. பிரசவம் பார்ப்பேன், புண்ணுக்கு மருந்து வைப்பேன், காய்ச்சல்காரர்களை அதட்டுவேன். புதன்கிழமைதோறும் மாசமாக இருக்கும் பெண்கள் வருவார்கள். கொழுந்து கிள்ளிவிட்டு நேரே வருவதால் கம்பளியிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டும், காலில் அட்டை கடித்த ரத்தம் வழியும். பதினெட்டு இருபது பேர் தவறாமல் வந்துவிடுவார்கள். அந்த வழக்கத்தை உண்டாக்க எனக்கு முழுதாக இரண்டு வருஷம் பிடித்தது.

அப்போதுதான் புது டாக்டர் வந்தார். கோட்டயம் பக்கத்துக்காரர். சீமையில் படித்தவர். நல்ல மனிதர், அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். ஒரு தகரக் குழலில் மூன்று அச்சுப் படங்களைச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார். சட்டம் போட்டு, வெளி வராந்தாச் சுவரில் வரிசையாக மாட்டினார். அதற்காக அங்கே தொங்கிய கொக்கிப்புழுப் படத்தையும் மலேரியாப் படத்தையும் கழற்றிப் பரணில் போட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம், புழு போய்விட்டது என்று நான் சொல்லி வைத்தேன். "துரை பங்களாவில மாத்ரம் நல்ல படம் போதுமோ சிஸ்டரே? கொழுந்து நுள்ளுறவளுக்கும் கண்ணு உண்டல்லோ" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். அங்கேதான் தப்புச் செய்தேன்.

முதல் படம் முழுக்கப் பழுப்புச் சதுரங்கள். ஏதோ ஒரு வாத்தியத்தை யாரோ கோடாலியால் பிளந்து போட்டது போலிருக்கும். இரண்டாவது ஒரு குதிரை, வாயைத் திறந்து கத்துகிறது. மூன்றாவது ஒரு பெண். பச்சையும் மஞ்சளுமாக முகம். மூக்கு ஒரு பக்கம் பார்க்கிறது, வாய் இன்னொரு பக்கம் பார்க்கிறது, கண்கள் இரண்டும் ஒரே கன்னத்தில். கையில் ஒரு கைக்குட்டை, அதைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

முதல் புதன்கிழமை பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அண்ணாந்து பார்த்தார்கள். ஏழாம் நம்பர் லயத்துப் பெண்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இது என்ன சீக்கு நர்சம்மா? இதுக்குக் குடிக்க மருந்தா, ஊசியா?"

அவளைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சுவரில் அதுவரை சீக்கைத் தவிர வேறெதுவும் தொங்கியதில்லை. புழுப் படம் மாட்டிய மறுவாரம் லயம் லயமாக நிற்க வைத்துப் புழு மருந்து ஊற்றினோம். கொசுப் படம் மாட்டியதும் கசப்பு மாத்திரை வந்தது. சுவரில் படம் ஏறினால் பின்னாலேயே மருந்து வரும் என்று பழக்கி வைத்தவர்களே நாங்கள்தான்.

டாக்டர் காதில் அது விழுந்தது. உற்சாகமாகிவிட்டார். "சீக்கு அல்லா, கலையாக்கும்! நான் பறயாம், சிஸ்டர் தமிழ்ல சொல்லணும்." அரை மணி நேரம் பேசினார். மலையாளம், தமிழ், இங்கிலீஷ் மூன்றும் கலந்த பேச்சு. ஒரு முகத்தை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒரே சமயத்தில் பார்க்க வேண்டுமாம். அதற்காக ஓவியர் முகத்தை உடைக்கிறாராம். உடைத்ததைத் தன் இஷ்டப்படி திரும்பச் சேர்க்கிறாராம். எனக்கு ஒரு எழவும் விளங்கவில்லை. விளங்காததை விளங்கியது போலச் சொல்லும் சாமர்த்தியமும் கிடையாது. அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"ஒருத்தர் இந்தம்மா முகத்தை உடைச்சிருக்கார். உடைச்சுத் திரும்ப ஒட்ட வச்சிருக்கார்."

"எங்க வச்சு?" என்றாள் ஒருத்தி.

"சீமையில."

"டாக்டரய்யாவும் சீமையிலதான் படிச்சாவளாம்லா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். பெஞ்ச் முழுக்க அமைதியாகிவிட்டது. டாக்டரோ, ஆழமாகச் சிந்திக்கிறார்கள் என்று எனக்குக் கண் காட்டினார்.

அடுத்த புதன்கிழமை மூன்று பேர் வந்தார்கள்.

இரண்டு வருஷ உழைப்பு ஒரு அரை மணி நேரத்தில் போயிற்று. யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. டாக்டர் மேலா, அந்தப் பெண்கள் மேலா, கிளிப்பிள்ளை போல ஒப்பித்த என் மேலா? ஆனால் மற்றவர்கள் வராததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஏழாம் நம்பர் லயத்துப் பெண் வராததைப் பொறுக்க முடியவில்லை. அவளுக்கு அது எட்டாம் மாதம். முன்னே பெற்ற இரண்டும் செத்தே பிறந்தவை. போன தடவை வந்தபோதே கால் வீங்க ஆரம்பித்திருந்தது.

குடையைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு இறங்கிப் போனேன். வாசலிலேயே அவள் மாமியார் வழி மறித்தாள்.

"கோவிச்சுக்கிடாதீய தாயி. அவள அங்க விடமாட்டேன். வயித்துப்புள்ளக்காரி அந்த மொகத்தப் பாத்தா உள்ள இருக்கதும் அப்படியேல்லா பொறக்கும்? ரெண்டத் தூக்கிக் குடுத்தாச்சு. இதையாவது மொகத்தோட பாக்கணும்."

உள்ளே அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கணுக்காலில் கட்டை விரலை வைத்து அழுத்தினேன். குழி விழுந்தது. விரலை எடுத்தும் மேலே எழும்பவில்லை. தலை வலிக்கிறதா என்று கேட்டேன். மாமியாரைப் பார்த்துவிட்டு இல்லை என்றாள்.

டாக்டரிடம் போய்ப் படத்தைக் கழற்றச் சொல்லிக் கெஞ்சினேன். அந்த ஒன்றை மட்டும், ஒரு மாசத்துக்கு மட்டும்.

"மூட நம்பிக்கைக்கு நாம் வளைஞ்சு கொடுக்கவோ?" என்றார். அவளை இங்கே கூட்டி வா, நான் புரிய வைக்கிறேன் என்றார். பிறகு என்னை அந்தப் படத்தின் முன்னால் நிறுத்தி மறுபடியும் ஆரம்பித்தார். அந்தப் பெண் ஒருத்தி இல்லையாம். போரில் பிள்ளையைப் பறிகொடுத்த எல்லாத் தாய்மாருமாம். கண்ணாடிச் சில்லு போலிருப்பதெல்லாம் கண்ணீராம். செவிடன் காதில் சங்கு என்பார்கள். அங்கே யார் செவிடு என்றுதான் எனக்குக் குழப்பம். ஒரு வார்த்தையும் கேட்காமல் படத்தையே முறைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அந்தக் கைக்குட்டை கண்ணில் பட்டது. கடித்த பல், கோணிய வாய், மேலே செருகிய கண். இந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு முந்தின வருஷம் மேல் டிவிஷனில், கால் வீக்கத்தை மறைத்துக் கொழுந்து கிள்ளிய ஒருத்திக்கு ஜன்னி கண்டது. நான் போய்ச் சேர்ந்தபோது உடம்பு வில்லாக வளைந்து கிடந்தது. நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் இருக்க வீட்டுக்காரர்கள் பல்லுக்கிடையில் துணியைத் திணித்திருந்தார்கள். தாயும் பிழைக்கவில்லை, பிள்ளையும் பிழைக்கவில்லை. அந்த முகம்தான் இது, அச்சு அசல்.

மறுபடி லயத்துக்கு இறங்கினேன். இந்தத் தடவை மாமியார் பேச இடம் கொடுக்கவில்லை. அது உடைத்து ஒட்டின முகம் இல்லை, டாக்டர் சொன்னதை நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றேன். அவள் ஒரு பிள்ளைத்தாச்சி என்றேன். கால் வீங்கினதைச் சொல்லாமல் மறைத்தவள், தலைவலியைச் சொல்லாமல் மறைத்தவள், ஜன்னி கண்டு துணியைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள் என்றேன். "அதப் பாத்தா ஒண்ணும் வராது ஆத்தா. அவள மாதிரி வீட்டுல உக்காந்திருந்தாத்தான் வரும்."

மருமகள் மெல்ல எழுந்தாள். "எனக்கு நாலு நாளாத் தலை வலிக்கி நர்சம்மா" என்றாள்.

அன்றைக்கே கூட்டி வந்தேன். அவள் சிறுநீரைச் சோதனைக் குழாயில் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். வடித்த கஞ்சி போலத் திரண்டது. லயத்தில் உப்பு இறங்குவது என்பார்களே அதுதான், ஜன்னிக்கு முன்னால் வரும் அடையாளம். டாக்டர் அதைப் பார்த்ததும் வேறு மனிதராகிவிட்டார். விளக்கமெல்லாம் போயிற்று. ரத்த அழுத்தம் பார்த்து, ஊசி போட்டு, உப்பில்லாத கஞ்சி சொல்லி, பிரசவம் ஆகும்வரை வார்டுப் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று உத்தரவு போட்டார். வைத்தியத்தில் அவர் கைராசிக்காரர், அதையும் சொல்ல வேண்டும்.

லயங்களில் சேதி பரவிற்று. அடுத்த புதன்கிழமை இருபத்தைந்து பேர். எல்லோரும் அந்தப் படத்தின் முன்னால் நின்று சேலையைத் தூக்கித் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள். டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. கலை ஜெயித்துவிட்டது என்றார். மாமியாரைக் கூப்பிட்டு, இந்தப் படத்தில் என்ன தெரிகிறது என்று ஆசையாகக் கேட்டார்.

"சோலி முடிஞ்ச ஒருத்திதான்" என்றாள் மாமியார். "கால் வீங்கி, மூத்திரத்துல உப்பு எறங்கி, ஆசுபத்திரிக்கு வராமச் செத்தவ. நர்சம்மாதான் சொன்னாவ."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். உலகத்தின் ஒரு பெரிய கலைஞன் அழுத அழுகையை நான் மூத்திரப் பரிசோதனை ஆக்கிவிட்டேன் என்றார். பொய் என்றார், துரோகம் என்றார். பதிலுக்கு வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. சாயந்திரம் அவரே அந்தப் படத்தைக் கழற்றித் தன் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார்.

மறுநாள் காலை நான் வார்டுக்குள் நுழைந்தபோது மருமகள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். முகமே உப்பியிருந்தது. மாமியார் கம்பளியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"ஊட்டுக்குத்தான். படத்த எடுத்தாச்சுல்லா? புழுப் படத்த எடுக்கப்போ புழு போயிட்டுன்னுதான சொன்னீய?"

எனக்கு அழுவதா சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. கண் முன்னால் பூச்சி பறக்கிறதா என்று அவளைக் கேட்டேன். பறக்கிறது என்றாள், ஏதோ வாசலில் மழை பெய்கிறது என்பது போல. இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு மழையில் ஓடினேன்.

டாக்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். "படம் போயிருச்சு, அதனால சீக்கும் போயிருச்சுன்னு அவ கெளம்பிட்டா சார். கண்ணுல பூச்சி பறக்குதாம். லயம் போய்ச் சேர்றதுக்குள்ள ஜன்னி வந்துரும். உங்க விளக்கம் எனக்கும் புரியலை, அவளுக்கும் புரியலை. என் விளக்கம் பொய்தான். ஆனா அவளைக் கட்டில்ல வச்சிருந்தது அந்தப் பொய்தான் சார். என்னை வேலையை விட்டு அனுப்புங்க, அப்புறமா. இப்பப் படத்தைக் குடுங்க."

அவர் கையைக் கழுவினார். துடைத்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. உள்ளே போய்ப் படத்தை எடுத்து வந்தார். நான் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. தன் கோட்டைக் கழற்றிப் படத்தின் மேல் போர்த்திக்கொண்டு, தான் நனைந்தபடி எனக்கு முன்னால் நடந்தார்.

வராந்தாவில் மாட்டவில்லை. நேரே வார்டுக்குள் வந்து, அவள் கட்டிலுக்கு எதிரில் நாற்காலி போட்டு ஏறித் தொங்கவிட்டார். இறங்கி, படத்துக்கும் அவளுக்கும் நடுவில் நின்றார். தொண்டையைச் செருமினார். ஐயோ, ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"இவளுக்குக் காலு வீங்கி" என்றார். "தலை வலிச்சு. கண்ணுல பூச்சி பறந்து. ஆஸ்பத்ரிக்கு வந்நில்லா."

"பெறவு என்னாச்சு அய்யா?" என்றாள் மாமியார்.

டாக்டர் திரும்பி அந்தப் படத்தைப் பார்த்தார். அதைப் பற்றி அரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசுகிறவர், இரண்டே வார்த்தையில் முடித்தார்.

"செத்துப் போயி" என்றார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீ வந்நல்லோ. போகண்டா" என்றார்.

அவள் மூட்டையை அவிழ்த்தாள். நான் அவளைப் படுக்க வைத்தேன். இத்தனை நாள் அந்த மனிதர் மேல் இருந்த எரிச்சலெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

பதினேழு நாள் அவள் அந்தக் கட்டிலில் கிடந்தாள். உப்பில்லாத கஞ்சியைத் திட்டிக்கொண்டே குடித்தாள். பதினெட்டாம் நாள் காலையில் வலி எடுத்து, மத்தியானத்துக்கு முன்னால் பெண் குழந்தை பிறந்தது. சின்னக் குழந்தை, ஒரு கையில் அடங்கிவிடும். முதுகில் தட்டினேன், வீறிட்டது. அவள் பயந்து போய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் அழுவுது, அதுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டாள். மூன்று பிள்ளை பெற்றவள், தன் பிள்ளை அழுவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறாள்.