எட்டில் ஒரு தடவை

மாமாவுக்குக் கண்ணில் புரை முற்றிய வருஷம்தான் நான் ரேஸ் புத்தகம் வாசிக்கத் தொடங்கினேன். என் மகளுக்கு அப்போது இரண்டு மாதம்.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. பழவேற்காடு ஏரியில் வலை கட்டுகிறவர். ஏரியில் வேலை இல்லாத ஞாயிறாகப் பார்த்து, பொன்னேரி வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து ரயில் பிடித்து, சென்னைக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போவார். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது அதிர்ச்சியாக இருந்தது. சுண்ணாம்புக்குளத்தில் என் பிறந்த வீட்டில் நைனா, என் அப்பா, சீட்டுக்கட்டைக்கூட உள்ளே விட்டதில்லை. மாமா ஊரைச் சுற்றிக் கடன் வாங்கி ஆடுகிறவர் இல்லை என்பது புரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின. அத்தை கைச்செலவுக்குக் கொடுப்பதை எடுத்துக்கொண்டு போவார். அது தீர்ந்ததும் திரும்பி வருவார். அனேகமாக எப்போதும் தீர்ந்துதான் வருவார்.

என் மகள் குறைமாதத்தில் பிறந்தவள். ஆஸ்பத்திரியில் எல்லாம் சரி என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனாலும் நான் அவள் மார்பின் மேல் கண்ணை வைத்தபடி மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். கூடினால் பயம், குறைந்தால் அதைவிடப் பயம். கணவருக்குக் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. அவரை வேலை நேரத்தில் கூப்பிட்டுக் கேட்பேன். "மூக்கு விடைக்கிற மாதிரி இருக்கு, டாக்டர்கிட்ட போலாமா?" அவர் பொறுமையாகத்தான் பதில் சொல்வார். போனை வைத்ததும், தேவையில்லாமல் தொந்தரவு செய்துவிட்டேனோ என்று அதற்கு ஒரு தனிக் கவலை தொடங்கும்.

அப்படி இருந்த ஒரு சனிக்கிழமை மாமா ரேஸ் புத்தகத்தோடு வாசல்படியில் வந்து நின்றார்.

"ஏமா, நீ காலேஜுல கணக்குதானே படிச்ச? இத்தக் கொஞ்சம் படிச்சி சொல்லேன். எழுத்தெல்லாம் எறும்பு மாரி ஓடுது."

நான் படித்தது புள்ளியியல். அதைத் திருத்தத் தோன்றவில்லை. உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுத்தார். "புள்ள பெத்தவ கையில குதிரைப் புத்தகத்தக் குடுக்கற ஆள இந்த ஜில்லாவுல எங்கியாச்சும் பாத்துகீறீங்களா?"

"அவ கொழந்த எடையவே எத்தினி வாட்டி பாப்பா? இதுலயும் எடை போட்டுகீறான், குதிரை மேல ஏத்தற எடை. ஒரு மாறுதலுக்கு இத்தப் பாக்கட்டுமே" என்றார் மாமா.

மகளை மடியில் போட்டுக்கொண்டு வாசித்தேன். குதிரையின் பெயர், வயது, சுமக்கும் எடை, பயிற்சியாளர், ஜாக்கி, முன்பு ஓடிய பந்தயங்கள், ஒவ்வொன்றிலும் எத்தனையாவதாக வந்தது. அரை மணி நேரம் போனது தெரியவில்லை. எனக்குப் பழக்கமான உலகம்தான் அது, எண்கள். ஆனால் இந்த எண்களின் மறுமுனையில் என் குழந்தை இல்லை. ஒரு குதிரை கடைசியாக வந்தால் கடைசியாக வந்தது, அவ்வளவுதான். பிரசவத்துக்குப் பிறகு எதையாவது பயமில்லாமல் எண்ணியது அன்றைக்குத்தான்.

மாமா பழைய புத்தகங்களையெல்லாம் ஒரு ஐஸ் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். மகள் தூங்கும் நேரங்களில் அவற்றிலிருந்து ஒவ்வொரு பயிற்சியாளரும் எத்தனை ஓட்டத்தில் எத்தனை ஜெயித்தார், எந்த ஜாக்கியை ஏற்றியபோது ஜெயித்தார் என்று போனில் ஓர் அட்டவணை போட்டேன். பெரிய லாயக்காரர்கள் நிறைய ஜெயித்தார்கள். ஆனால் அது ஊருக்கே தெரியும் என்பதால் அவர்கள் குதிரைகளுக்கு நல்ல விலை, அதாவது ஜெயித்தால் திரும்பி வரும் பணம், கிடைக்காது. பத்து ரூபாய் போட்டால் பதினைந்து வரும். நான் தேடியது வேறு. யாரும் கவனிக்காத ஒரு பயிற்சியாளரும் யாரும் கவனிக்காத ஒரு ஜாக்கியும் சேரும்போது, கூட்டம் நினைப்பதைவிட அடிக்கடி ஜெயிக்கிறார்களா?

இதை அத்தைக்குப் புரியவைப்பது எளிதாக இருந்தது. ஒரு கொடுக்கு ஒடிந்த நண்டைக் கரையில் வியாபாரிகள் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். ஒடிந்தது ஒரு கொடுக்கு மட்டும், உடம்புச் சதை அப்படியேதான் இருக்கிறது. அத்தை எப்போதும் வீட்டுக்கு அந்த நண்டைத்தான் பொறுக்கிக்கொண்டு வருவார். "அதே மாதிரிதான் அத்தை. நல்ல குதிரையத் தேடல. கூட்டம் ரொம்பக் கொறச்சு மதிப்புப் போட்ட குதிரையத் தேடறோம்" என்றேன்.

"நண்டத் துன்னலாம்" என்றார் அத்தை.

மாமாவோடுதான் கஷ்டம். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. "இந்த ஜாக்கியப் பாரு. தீபாவளிக்கு முன்னால ஜெயிச்சவன், அதோட சரி. இந்த வாரம் அவன் பாடு, வேணும்னா பாரு."

எங்கள் ஏரியில் மீன் விழும் இடங்கள் யாருக்கும் சொந்தமில்லை. எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊர் கூடி முறை வைக்கும். அதற்குத்தான் பாடு என்று பெயர். இன்றைக்குச் சேற்றுத் திட்டு வந்தவனுக்கு இன்னொரு நாள் முகத்துவாரத்துப் பக்கம் நல்ல இடம் கட்டாயம் வரும். வராவிட்டால் ஊர் கேட்கும். அந்த நியாயத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர், குதிரைகளும் அதே நியாயப்படி ஓடும் என்று நம்பினார். பல வாரம் தோற்ற குதிரையாகப் பார்த்துப் பணம் கட்டினார். அது அடுத்த வாரமும் தோற்றது.

"குதிரைக்கு யாரு மாமா பாடு வைக்கிறது? அங்க ஊர்க்கூட்டம் இல்லியே" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, மரியாதைக் குறைவாகிவிட்டதோ என்று அன்று முழுக்க மனசு அடித்துக்கொண்டது. அவர் கோபப்படவில்லை. "அதான் நம்மள இவ்ளோ நாளா ஏமாத்திகினு கீறானுங்களா?" என்றார், குதிரைகளே ஏதோ ஊழல் செய்துவிட்ட மாதிரி.

அதற்குப் பிறகு அவர் என் அட்டவணையை முழுதாக நம்பத் தொடங்கினார். அது எனக்கு இன்னும் பெரிய பயமாகப் போனது.

மழை முடிந்து, முகத்துவாரம் திறந்து, எறா என்று நாங்கள் சொல்லும் இறால் கடலுக்கு இறங்கும் பருவம். எங்கள் குடும்பத்துக்கு முகத்துவாரத்துப் பாடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. எறா அதிகம் விழும் அமாவாசையும் சேர்ந்திருந்தது. பருவத்தில் அப்படி ஒரு நாள் கிடைப்பது பெரிய விஷயம். அதே ஞாயிற்றுக்கிழமை ஒரு பந்தயத்தில், என் அட்டவணை முதல்முறையாகச் சத்தமாகப் பேசியது. ஒரு சின்ன லாயத்தின் குதிரை, நீண்ட ஓய்வுக்குப் பிறகு ஓட வருகிறது. அந்தப் பயிற்சியாளர் அப்படி ஓய்வு கொடுத்து இறக்கும் குதிரைகளில், அந்த ஒரு ஜாக்கியை ஏற்றினால், ஜெயிக்கும் கணக்கு நன்றாக இருந்தது. ஓட்டங்கள் கொஞ்சம்தான் என்பதால் அதை அப்படியே நம்பாமல், எல்லாக் குதிரைகளின் சராசரியை நோக்கிப் பாதி தூரம் இழுத்துப் பார்த்தேன். அப்போதும் எட்டில் ஒரு தடவை ஜெயிக்கும் என்று வந்தது. புத்தகத்தில் போட்டிருந்த விலையோ இருபதில் ஒரு தடவைகூட ஜெயிக்காத குதிரையின் விலை.

மாமாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் கேட்டார், நான் சொன்னேன். கேட்டதற்குப் பொய் சொல்ல எனக்கு வராது.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் தன் கூட்டாளியோடு வந்து திண்ணமாக அறிவித்தார். இந்தப் பாடு நாளை வேறு வீட்டுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அவர்கள் தரும் தொகையை மொத்தமாக அந்தக் குதிரை மேல் கட்டப் போகிறார். உடம்பு முடியாதவர்கள் அப்படி விட்டுக்கொடுத்துப் பணம் வாங்குவது ஊரில் உண்டு. வலைக்கு வரும் கூட்டாளியும் ரேஸுக்குப் போகும் கூட்டாளியும் ஒரே ஆள்தான். அதனால் ஒருவர் ஏரிக்கும் ஒருவர் பந்தயத்துக்கும் என்று பிரியவும் வழியில்லை.

அத்தை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று எனக்கு இப்போதும் தெரியாது. அந்த வருஷத்து நல்ல எறா என் போனிலிருந்த அட்டவணையால் போகப் போகிறது என்பது மட்டும் தெரிந்தது. மகள் அழுதாள். தோளில் போட்டுக்கொண்டு நின்றபடியே பேசினேன். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று தோன்றியது.

"மாமா, எட்டுல ஒரு தடவைன்னா, ஏழு தடவை தோக்கும்."

"ஆனா நல்ல ரேட்டுதானே? நீயே சொன்ன."

"நல்ல ரேட்டுதான்."

"அப்புறம் இன்னா?"

"கொஞ்சம் கொஞ்சமா பல தடவை கட்டறவங்களுக்குத்தான் நல்ல ரேட்டு மாமா. ஏழு தடவை தோத்துட்டு எட்டாவது தடவைக்கு வந்து நிக்கணும். நம்மகிட்ட இருக்கறது ஒரே பாடு."

"போனா போவுது. பாடு சுத்தி வரப்போவுது. குதிரைக்குத்தான் முறை இல்ல, பாடுக்கு முறை கீது இல்ல?"

அவர் சொன்னது சரி. என் பேச்சை வைத்தே என்னை மடக்கிவிட்டார். மாமாவோடு சேர்ந்து கூட்டாளியும் சிரித்தார். "பொண்ணு வாயடைச்சிப் போச்சிபா."

மகளைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டேன். "பாடு வரும் மாமா. அது வரும்போது எறா இருக்குமா?"

மாமா சிரிப்பதை நிறுத்தினார். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்துகொண்டிருப்பதும், அது அடைபட்டால் எறா இறங்காது என்பதும் என்னைவிட அவருக்குத்தான் தெரியும். எழுந்துபோய், சுவரோரம் கிடந்த வலையைக் காலால் நகர்த்தினார். "இத்தக் கொஞ்சம் பாத்து வைக்கணும். ஒரு எடத்துல பிரிஞ்சிகீது" என்றார் கூட்டாளியிடம். அவ்வளவுதான். பாடு எங்களிடமே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் படகில் போனார்கள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, பந்தய முடிவுகள் வரும் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அந்தக் குதிரை தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நானே தேடிக் கண்டுபிடித்த குதிரை.

அது ஜெயித்தது.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதே பெயர், அதே ஜாக்கி. விலை நான் நினைத்ததற்கும் மேலே போயிருந்தது. அத்தையிடம் சொன்னேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். "அவரு வந்ததும் நீயே சொல்லிடு. நாளைக்கு வேற எவனாச்சும் வந்து சொல்லப் போறான்" என்றார்.

காலையில் படகு கரைக்கு வந்தபோது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். எறா வந்திருந்தது, ஆனால் அமாவாசைப் பாடுக்கு எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. நிறைய விழுந்திருந்தால் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

"மாமா, அந்தக் குதிரை ஜெயிச்சிடுச்சி."

கூட்டாளி தலையில் கை வைத்துக்கொண்டு படகு விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். மாமா கையிலிருந்த கூடையை மெதுவாக மணலில் வைத்தார்.

"எத்தினில ஒண்ணுன்னு சொன்ன?"

"எட்டுல ஒண்ணு."

"அந்த ஒண்ணு நேத்து வந்துகீது."

"ஆமா மாமா."

"அப்ப கணக்கு சரிதான்னு சொல்லு." அவர் முகம் மலர்ந்துவிட்டது. கூட்டாளி பக்கம் திரும்பினார். "பாத்தியாடா? பேப்பர்காரன் ஒருத்தனும் சொல்லல. எங்க வூட்டுப் பொண்ணு கொழந்தைக்குப் பால் குடுத்துகினே சொல்லுச்சி."

"தோத்திருந்தாலும் கணக்கு சரிதான் மாமா. ஒரு தடவை ஜெயிச்சத வச்சி..."

"அத வெளிய சொல்லாத" என்றார் அவசரமாக.

எடை போட வந்த வியாபாரியிடமும் சொன்னார். பக்கத்துப் படகுக்காரரிடமும் சொன்னார். கட்டவில்லை என்பதைக் கடைசியில்தான் சொன்னார், அதுவும் ஏதோ சின்ன விவரம் போல. பின்னாலேயே வந்த அத்தை, "சரியான கணக்க வச்சிகினு எல்லாரும் நின்னுகினே இருங்க. எறாவுக்கு ஐஸ் யாரு போடறது, குதிரையா?" என்றார்.

அன்றிலிருந்து நான் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். நீ தடுத்திருக்காவிட்டால் என்று தொடங்கும் சொல். வீட்டில் பணம் முடையானபோதெல்லாம் இப்போது வரும் என்று நினைத்தேன். கணவர் போனில் பேசியபோதுகூட மாமா ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். "உன்னப் பத்தி துறைமுகம் வரைக்கும் பேசிட்டாரு" என்று சிரித்தார். மாமா அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, அத்தையும் சொல்லவில்லை. நான் செய்தது சரியா என்று எனக்கு இன்னும் முழுதாகத் தெரியாது. சில நாள் சரி என்று தோன்றும், சில நாள் அந்த விலையை நினைத்துத் தூக்கம் கெடும். ஆனால் நடந்ததை வைத்து என்னை எடை போடாத வீட்டில்தான் இருக்கிறேன் என்பது தெரியும். அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாததால், அவர்கள் கேட்காமலே நண்டு கழுவி வைக்கிறேன், ரேஸ் புத்தகம் வந்தால் வாசித்துச் சொல்கிறேன்.

மூச்சு எண்ணுவதும் எப்போதோ நின்றுவிட்டது. எந்த நாளில் நின்றது என்பதை நான் கவனிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த பந்தயத்தின் முந்தின சாயங்காலம் மாமா வழக்கம்போல வாசல்படிக்கு வந்தார்.

"இன்னாமா சொல்லுது? இந்த வாரம் யாரு?"

எல்லாப் பந்தயத்தையும் பார்த்திருந்தேன். எதுவும் இல்லை. எல்லாக் குதிரைக்கும் சரியான விலைதான் போட்டிருந்தார்கள். அவர் ஏமாந்துபோவாரே என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன்.

"இந்த வாரம் யாரும் இல்ல மாமா."

"யாருமே இல்லியா?"

"இல்ல மாமா."

அவர் புத்தகத்தை வாங்கி ஐஸ் பெட்டியில் போட்டு மூடினார். "இல்லன்னா இல்ல" என்றார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டி, மகளை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு கரைப் பக்கம் நடந்தார்.