துரைக்கு முதல் கோப்பை

இல்லை, ஜப்பானுக்குப் போகவில்லை. இலங்கை மலையகத்து லிந்துலைக்குத்தான் போனேன். சில மாதங்களாகப் பிரபுக்கள் காலத்து ஜப்பானைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் யாரும் அப்படித்தான் கேட்பார்கள்.

பல்கலைக்கழகத்தில் என் ஆய்வு அது. அங்கே வீடு என்றால் சுவரில்லை. பெயர், கடமை, இறந்தவர்கள். முதல் சோறு முன்னோரின் மாடத்துக்கு. மகன் இல்லாவிட்டால் மருமகனைத் தத்தெடுத்து வீட்டுப் பெயரைக் கொடுப்பார்கள். கோபத்தோடு செத்த பிரபுவுக்குக் கோயில் கட்டுவார்கள், உயிரோடிருந்தபோது பயந்ததைப் போலவே பயந்துகொண்டு.

இதையெல்லாம் விடுதி அறையில் சொன்னபோது என் தோழி செல்வி சிரிக்கவில்லை. "எங்க வீட்டுக்கு வா" என்றாள். பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை போனேன்.

கண்டியில் காலை எட்டரைக்கு பஸ். மதியம் நுவரெலியா. அங்கிருந்து ஹட்டன் பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். லிந்துலையில் இறங்க வேண்டும். தோட்டம் நான்கு கிலோமீட்டர் மேலே. ஆட்டோ எண்ணூறு ரூபாய்.

"செல்வி வீடா? துரைக்கு தேத்தண்ணி குடுக்குற வீடு" என்றார் ஆட்டோக்காரர்.

"எந்தத் துரை?"

"அந்தக் காலத்துல தோட்டத்த நடத்துன வெள்ளக்காரத் துரைதாங்க. செத்தும் அவருக்கு நேரத்துக்கு தேத்தண்ணி. நம்ம செத்தா பச்சத்தண்ணி கூட கெடைக்காது."

உச்சியில் துரையின் பங்களா. நடுவில் உத்தியோகத்தர் வீடுகள். கீழே லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். யார் எவருக்கு மேலே என்பதை மலையே சொல்லிவிடுகிறது. என் குறிப்புகளில் பிரபு, போர்வீரர், உழவர் என்று கோடு போட்டு வைத்திருந்தேன். இங்கே கோட்டுக்குப் பதிலாகப் படிக்கட்டு.

செல்வியின் கொள்ளுப்பாட்டனார் பங்களாவின் சமையல்காரர். ஒரு நாள் தேநீர் தாமதமானது. கத்திக்கொண்டே வெளியே வந்த துரை தேயிலை நடுவில் விழுந்து செத்தார். விழுந்த இடத்தில் ஒரு கல். அன்றிலிருந்து தினமும் அந்த வீட்டின் முதல் தேநீர் கல்லுக்குப் போகிறது. செல்வியின் அப்பா கொண்டுபோனார். போன வருடம் அவர் இறந்த பிறகு, அவள் விடுமுறைக்கு வந்தால் அவள், மற்ற நாட்களில் முழங்கால் வலியோடு அவள் அம்மா.

செல்விக்குக் கொழும்பில் ஆசிரியர் வேலை கிடைத்திருந்தது. செவ்வாய்க்கிழமை சேர வேண்டும். அம்மா வேறு கணக்குப் போட்டிருந்தார்.

"மேல் லயத்துப் பையன் வீட்டோட மாப்பிள்ளையா வர்றேங்குறான். இவ போயிட்டா இந்த வீட்ல யாரு இருக்கா?"

"அவன் தேத்தண்ணி ஊத்தவா நான் கழுத்த நீட்டணும்?"

"நீட்டினா ஒடிஞ்சா போயிரும்?"

ஞாயிறு காலை. குளிர் எலும்பில். செல்வி கேத்தலைச் சரித்து ஊற்றி, ஆவி பறக்கும் கோப்பையை என் கையில் தந்தாள். குடித்தேன். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார்.

"அது மொதக் கோப்ப, புள்ள" என்றார் அம்மா. கோபமில்லாத குரல்.  "அத யாரு குடிக்கிறாங்களோ, மறுநாள்லருந்து அவங்கதான் ஊத்தணும். எங்க வீட்டுக்காரரு ஏழு வயசுல தெரியாம குடிச்சாரு. சாகுற வரைக்கும் கொண்டு போனாரு."

செல்வி என்னைப் பார்க்கவில்லை.

அன்று கல்லுக்கு யாரும் போகவில்லை. அம்மா கதவைச் சாத்தியே வைத்திருந்தார்.

திங்கட்கிழமை விடியலில் செல்வி பையைத் தூக்கினாள். வாசலில் மெதுவாகச் சொன்னாள்: "மன்னிச்சிரு. நீ இதெல்லாம் புத்தகத்துல படிச்சவ. நீ நம்பமாட்டன்னுதான் ஒனக்குக் குடுத்தேன்."

ஆட்டோவின் சத்தம் வளைவுகளில் இறங்கி மறைந்தது. அம்மா என் முன்னால் கேத்தலை வைத்தார்.  ஊற்றினேன். எடுத்துக்கொண்டு ஏறினேன்.

மூடுபனி. தேயிலைச் செடிகள் இடுப்புவரை. கல் முழுவதும் பனியில் நனைந்திருந்தது. நடுவில் ஒரு வட்டம் மட்டும் உலர்ந்திருந்தது, கோப்பையின் அடி அளவுக்கு. இப்போதுதான் யாரோ கோப்பையை எடுத்ததைப் போல. முந்தைய நாள் அங்கே எதுவும் வைக்கப்படவில்லை.

வட்டத்தின் மேல் வைத்தேன். பொருந்தியது.

திரும்பி வந்ததும் கேட்டேன்: "நான் இன்னைக்குக் கண்டிக்குப் போயிருவேனே?"

"எங்கருந்து ஊத்தினாலும் அவருக்குத் தெரியும்." முழங்காலைத் தேய்த்தபடி, முதல்முறையாகச் சிரித்தார். "நான் இனி கொஞ்சம் தூங்குவேன்."

போகிறவர்களுக்கு: தடித்த சுவெட்டர் வேண்டும். அட்டைக்கு உப்பு. லயத்தில் படமெடுக்குமுன் கேளுங்கள். ஆட்டோவைத் திரும்பிவரவும் பேசிவையுங்கள், மேலே சிக்னல் இல்லை. காலையில் தேநீர் தந்தால், அது எத்தனையாவது கோப்பை என்று கேளுங்கள்.

பிரபுவுக்குப் பயந்தவர்கள் உண்மையில் நம்பினார்களா என்பதே என் ஆய்வின் கேள்வி. இப்போது அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். நம்பிக்கை தேவைப்படவில்லை. யாரோ ஒருவர் விடுபட, இன்னொருவர் ஊற்ற வேண்டியிருந்தது.

நேற்று செல்வி கொழும்பிலிருந்து பேசினாள். வகுப்பில் நாற்பது பிள்ளைகளாம். கோப்பையைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்று காலை விடுதியில் தேநீர் ஊற்றினேன். முதல் கோப்பையை ஜன்னல் கட்டையில் வைத்தேன். இரண்டாவதைக் குடித்துவிட்டு நூலகத்துக்குப் போனேன்.