வலப்பக்கத்து வால்வு

பெங்களூரிலிருந்து என் மகன் ஒரு ஆம்ப்ளிஃபையர் வாங்கி அனுப்பியிருந்தான். அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாக முகப்பிலுள்ள குமிழ்களை எண்ணினேன். இரண்டே இரண்டு. பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன், அடியிலும் பார்த்தேன். பாலன்ஸ் குமிழ் இல்லை. போன் செய்து கேட்டால், "இப்பல்லாம் அது யாருக்கும் தேவைப்படறதில்லப்பா" என்கிறான். அப்படியென்றால் நான் எந்தக் கணக்கில் சேர்த்தி?

இது என் வீட்டுக்கு வந்த ஆறாவது ஆம்ப்ளிஃபையர். ஒன்று மூன்றாம் மாதமே புகைந்தது. ஒன்றில் பாட்டை விட இரைச்சல் அதிகம். எது உங்களுக்கு ரொம்பப் பிடித்தது என்று யாராவது கேட்டால் முதலாவதைத்தான் சொல்வேன். அதில் குமிழ்கள் நான்கு. நான்காவதுதான் பாலன்ஸ். அதை இடப்பக்கம் திருப்பினால் வலப்பக்கத்து ஸ்பீக்கர் அடங்கும்; வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கத்தது அடங்கும். நடுவிலிருந்து இப்புறம் ஐந்து கோடுகள், அப்புறம் ஐந்து கோடுகள். குமிழின் விளிம்பில் ஒரு வெள்ளைப் புள்ளி.

அதை வாங்கி வந்தவர் சித்தப்பா. அவர் லாரி ஓட்டுநர். கல்வராயன் மலையிலிருந்து புளியும் கடுக்காயும் ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு இறங்குவார். எப்போதாவது பாண்டிச்சேரிக்கும் சவாரி போகும். அங்கே பிரான்சுக்குக் குடிபோன ஒரு குடும்பம் விட்டுச்சென்ற ஆம்ப்ளிஃபையரையும், இசைத்தட்டு சுழலும் பெட்டியையும், இரண்டு ஸ்பீக்கர்களையும் கடுக்காய் மூட்டைக்குப் பயன்படும் சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். அப்பா ஆலையில் கணக்கர். எண்ணும் புத்தி எனக்கு அவரிடமிருந்துதான் வந்தது. அண்ணன் தம்பி இருவரும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். மலையிறங்கி வந்த நாட்களில் சித்தப்பா, "அண்ணா, காது அடச்சிக்கினு கீது, கொஞ்சம் ஜாஸ்தி வையி" என்பார். அப்பா கூட்டி வைப்பார்.

பிறகு ஒரு கிணற்றுப் பங்கில் தகராறு வந்தது. இருவருக்கும் பேச்சு நின்றது. வீட்டுக்கு நடுவே மண்சுவர் எழுந்தது. அண்டா குண்டாவெல்லாம் சமமாகப் பிரித்த ஊர்ப் பெரியவர்கள், ஆம்ப்ளிஃபையர் முன்னால் வந்ததும் திகைத்து நின்றார்கள். கடைசியில் அவர்களில் ஒருவர் தீர்ப்புச் சொன்னார்: "ஆம்ளிபேரு பெரியவனுக்கு. பொட்டி ஆளுக்கு ஒண்ணு. ஒயரு மேலால போவட்டும். அண்ணன் வச்சா தம்பிக்கும் கேக்கும். யாருக்கும் நஷ்டம் இல்ல."

அப்படியே ஆயிற்று. இடப்பக்கத்து ஸ்பீக்கர் எங்கள் கூடத்தில். வலப்பக்கத்தது சுவருக்கு அந்தப்புறம் சித்தப்பா வீட்டில். நடுவே ஓட்டுக்கூரையின் உத்திரத்தின் மேல் ஒரு ஒயர். பேசிக்கொள்ளாத இரண்டு வீடுகளுக்கு ஒரே பாட்டு. சில தட்டுகளில் பாடும் குரல் அந்தப்பக்கமும் வாத்தியம் இந்தப்பக்கமும் வரும். வாத்தியம் எங்கள் பங்கு என்று நான் அலுத்துக்கொள்வேன்.

அதுகூடப் பெரிதில்லை. எங்கள் ஸ்பீக்கரில் சத்தம் நாளுக்கு நாள் மெலிந்தது. போய்ப் பார்த்தால் வெள்ளைப் புள்ளி வலப்பக்கம் நான்காவது கோட்டில் நிற்கும்.

"நமக்கு மட்டும் இன்னாத்துக்குப்பா கம்மி?" என்று கேட்டேன்.

"வலது பக்கத்து வால்வு வீக்குடா. அந்தப்பக்கம் தள்ளி வச்சாதான் ரெண்டும் சமமா வரும்" என்றார் அப்பா.

இன்னொரு குறையும் எனக்கு இருந்தது. உள்ளே பல்பு மாதிரி எரியும் கண்ணாடிக் குழாய்தான் வால்வு; அது சூடானால்தான் பாட்டு வரும். நான் எண்ணிப் பார்த்ததில் அறுபதுக்குள் சூடாகிவிடும். அப்பாவோ சில நாள் சுவிட்சைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம்கூடச் சும்மா உட்கார்ந்திருப்பார். "இன்னும் சூடாவல" என்பார். தெருவில் சித்தப்பாவின் லாரி வந்து நின்று கதவு அறையும் சத்தம் கேட்கும். சூடாகிவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பது எனக்கு வியப்பாக இருந்தது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் சித்தப்பா எங்கள் வாசலில் வந்து நின்றார். தோளில் அந்தப்புறத்து ஸ்பீக்கர். சுவர் எழுந்த பிறகு அவர் எங்கள் நிலைப்படியை மிதித்தது அன்றுதான். பின்னால் சித்தி, "வேணாங்க, வாங்க" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தபடி வந்தாள். சித்தப்பா ஸ்பீக்கரை எங்கள் கூடத்தில் தொப்பென்று வைத்தார்.

"இந்தா உன் பொட்டி. ஒயர அறுத்துட்ட இல்ல? அப்புறம் பொட்டி மட்டும் எனக்கு இன்னாத்துக்கு? நாலு நாளா உன் வூட்ல பாடுது, என் வூட்ல பேச்சு மூச்சு இல்ல. அறுக்கறதுன்னா முழுசா அறுத்துடுவோம். இதோட நீ யாரோ நான் யாரோ."

அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "இன்னா தம்பி, வெளக்கு வைக்கிற நேரத்துல இன்னா பேச்சு இது?"

அப்பா எழுந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்து நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். அவர் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து ஆம்ப்ளிஃபையர் முன்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"எவன்டா அறுத்தான்? புள்ளி எங்க கீது பாரு."

சித்தப்பா குனிந்து பார்த்தார். வெள்ளைப் புள்ளி வலப்பக்கம் ஐந்தாவது கோட்டில், அதற்கு மேல் திரும்ப இடமில்லாமல் நின்றது. அவர் வாங்கி வந்த பொருள். அதன் அர்த்தம் அவருக்குத் தெரியும். விரலால் புள்ளியைத் தொட்டுப் பார்த்தார்.

"நாலு நாளும் இப்பிடியேவா வச்சிக்கினு இருந்த?"

"மலைக்கிப் போய் வந்துக்கினு இருந்தியே. காது அடச்சிருக்கும். நீ கேட்டுக்கினு கீறன்னு நெனச்சேன்."

"அதான் எங்க பொட்டி கொசு மாதிரி மொணகிக்கினு இருந்ததா?" என்றாள் அம்மா.

ஏணி கொண்டுவந்து என்னை உத்திரத்தின் மேல் ஏற்றினார்கள். ஒயர் சுவருக்கு நேர் மேலே இரண்டாகக் கிடந்தது. முனைகளில் பல் பதிந்திருந்தது. பக்கத்தில் எலிப்புழுக்கை. எண்ணிப் பார்த்து ஒன்பது என்று மேலிருந்து அறிவித்தேன்.

சித்தப்பா முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, "எலிக்கும் ஒரு பாகம் குடுத்திருக்கணும்ண்ணா, அந்தப் பெரிசுங்க மறந்துட்டாங்க" என்றார். அப்பா சிரித்தார். சித்தி சிரித்துக்கொண்டே அழுதாள். ஒரு குமிழைப் பார்த்துப் பெரியவர்கள் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று நான் ஏணியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஸ்பீக்கர் திரும்பிப் போகவில்லை. அறுந்த ஒயரையும் யாரும் ஒட்டுப்போடவில்லை. சுவர் அப்படியேதான் இருந்தது. சித்தப்பாதான் தினமும் சுற்றிக்கொண்டு வந்தார். இரண்டு ஸ்பீக்கர்களும் பழையபடி எங்கள் கூடத்தில் நின்றன. குரலும் வாத்தியமும் ஒரே வீட்டில் கேட்டன.

மறுநாள் அப்பா வேலைக்குப் போனதும் நான் ஆம்ப்ளிஃபையரிடம் போனேன். வெள்ளைப் புள்ளி சரியாக நடுவில் நின்றது. ரிப்பேர்காரர் யாரும் வரவில்லை, ஒரு திருகாணியைக்கூட யாரும் கழற்றவில்லை. ஆனாலும் வலப்பக்கத்து வால்வு குணமாகிவிட்டது. சுவிட்சைப் போட்டு, பின்பக்கத்து ஓட்டைகள் வழியாக எட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் இரண்டு வால்வுகள், வலப்பக்கம் இரண்டு. நான்கும் ஒரே சிவப்பில் எரிந்தன. முன்பே ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் வீக்காக இருந்தது எது என்று தெரிந்திருக்குமே என்று அன்று முழுவதும் எனக்கு ஒரே கவலையாக இருந்தது.