கப்பல் போய்ச் சேர்ந்ததால் அவர் செய்தது சரியாம்

என் கணவரைத் தைரியசாலி என்று சொல்கிறார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. படுக்கப் போகுமுன் கேஸ் சிலிண்டரை மூன்று தடவை மூடிப் பார்க்கிறவர் அவர். வெயில் கொளுத்தும்போதும் ஆபீசுக்குக் குடையோடுதான் போவார். தன் தலை நனையும் என்றால் அவ்வளவு எச்சரிக்கை.

மகளுக்குச் சென்னையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நேரில் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். எங்கள் தீவிலிருந்து கப்பல் திங்கட்கிழமை கிளம்பி வியாழக்கிழமை சேரும் என்று அறிவிப்பு வந்தது. இந்தத் தீவில் அந்த அறிவிப்பை நம்பி யாரும் துணிகூட மடித்து வைக்க மாட்டார்கள்.

"ஃப்ளைட்ல அனுப்புங்க," என்றேன்.

"ஃப்ளைட் மட்டும் நிச்சயமா? மழையில இறங்க முடியாம திரும்பிப் போறதில்லையா? எல்லாம் ஒண்ணுதான். அரே, ஹோ ஜாயேகா."

ஆகிவிடுமாம். விமானம் ஒரு நாள் தவறினால் இன்னும் மூன்று நாள் கையில் இருக்கும். கப்பல் ஒரு நாள் தவறினால் ஒன்றும் இருக்காது. இரண்டும் எப்படி ஒன்று? கேட்டேன்.

"நீ எதுக்கெடுத்தாலும் பயப்படுவே."

துணைக்கும் அவர் போகவில்லை. லீவு வீணாகுமாம்.

கப்பல் செவ்வாய்க்கிழமைதான் கிளம்பியது. நடுக்கடலில் ஃபோன் எடுக்காது. மூன்று நாள் நான் என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது. அவர் நன்றாகத் தூங்கினார். வெள்ளிக்கிழமை காலை மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, சென்னை தெரியுது. ஆனா கப்பல் கட்டுற ஜெட்டியில இடமில்லையாம். வெளியவே நிறுத்தி வெச்சிருக்காங்க. நான் என்னம்மா பண்றது?"

அவள் அழுததை நான்தான் கேட்டேன், அவர் கேட்கவில்லை. மதியத்துக்குமேல்தான் இறக்கிவிட்டார்கள். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பெட்டியோடு கல்லூரி மேசை முன் போய் நின்றாள். இடம் நிலைத்தது.

ஞாயிற்றுக்கிழமை கணவரின் அண்ணன் மின்னி பே பகுதியிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்னம்மா, தேக்கா? பாத்தியா? தம்பி சொன்னபடியே ஆச்சா இல்லையா? நீதான் சும்மா ஊரைக் கூட்டினே."

"பத்து நிமிஷம் தள்ளிப் போயிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க மாமா?"

"தள்ளிப் போகலையே!"

"இவளுக்கு ஜெயிச்சாலும் அழுகைதான்," என்றார் என் கணவர்.

கண்ணை மூடிக்கொண்டு ரோட்டைக் கடந்தவன் அடிபடவில்லை என்றால் அவன் கெட்டிக்காரனா? பந்தயம் கட்டியது இவர். கட்டியது மகளின் படிப்பை. தோற்றிருந்தால் கப்பல்காரர்களைத் திட்டிவிட்டு மறுநாள் குடையோடு ஆபீஸ் போயிருப்பார். இப்படிப்பட்டவருக்கு அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுத்ததற்காகக் கடவுள்மேலும் எனக்குக் கோபம்தான்.

இந்த லீவுக்கு மகள் வந்திருக்கிறாள். வரும் திங்கட்கிழமை காலை அவளுக்குத் தேர்வு. ஞாயிற்றுக்கிழமை சேருகிற கப்பலில் போகிறாளாம்.

"போன தடவை சரியாத்தானேம்மா போச்சு?" என்கிறாள். ஃபோனில் அழுதவள் இவள்தான்.

வியாழக்கிழமைக்கு விமான டிக்கெட் எடுத்துவிட்டேன். அப்பாவும் மகளும் என்னோடு பேசுவதில்லை. பேசவேண்டாம். அவள் பெட்டியை நானே கட்டிக்கொள்கிறேன்.